பல் சிகிச்சையும் காற்றோட்டமும்

கிராமங்களில் பல்வலி கண்டவர் முதலில் நாடுவது கிராம்பையும் உப்பு நீரையுமே. இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பதும், மூன்றாம் நாள் கன்னம் வீங்கிய பின்னர் மதுரைக்குப் பஸ் ஏறுவதும் நெடுங்கால வழக்கம். இவ்வழக்கம் இப்போது மெல்ல மாறி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் பல் மருத்துவர்கள் பணிபுரிகின்றனர். ஊர்களில் நடைபெறும் மருத்துவ முகாம்களில் பல் பரிசோதனைக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. கல்லூரிகளிலிருந்து வண்டியோடும் கருவிகளோடும் வந்து, பள்ளிக் குழந்தைகளின் பற்களைப் பார்த்துச் செல்லும் குழுக்களும் உண்டு.

இம்முகாம்களுக்கு இடம் தேடிக் கொடுக்கும் பணி பெரும்பாலும் ஊராட்சியையே சேர்கிறது. இடம் என்றதும் நாம் எண்ணிப் பார்ப்பவை நிழல், மின்சாரம், தண்ணீர், நாற்காலி, பந்தல் ஆகியவை. காற்றை யாரும் எண்ணுவதில்லை. மருத்துவர் வருகிறார், மருந்து வருகிறது, மற்றவற்றை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் பல் சிகிச்சை நடைபெறும் அறையில் நோய் பரவுவதும் பரவாதிருப்பதும் பெரும்பகுதி அந்த அறையின் காற்றைப் பொறுத்தது. அந்த அறையைத் தேர்ந்து கொடுப்பவர்களோ நாம். ஆதலின் இதனைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்ளுதல் நலம்.

காற்று வழியே நோய் பரவுவது நம் திருப்பரங்குன்றம் வட்டாரத்துக்குப் புதிய செய்தியன்று. தமிழ்நாட்டில் கொரோனா நோயால் நேர்ந்த முதல் மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சியிலும், பரவை பேரூராட்சியிலும், மதுரை கிழக்கு, மதுரை மேற்கு, திருப்பரங்குன்றம் ஆகிய மூன்று ஒன்றியங்களின் ஊராட்சிகளிலும் முழு ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது; ஜூலை மாதத்திலும் அது நீடித்தது. காசநோயாளிகளுக்காக ஏற்பட்ட தோப்பூர் அரசு மருத்துவமனை கொரோனா நோயாளிகளை ஏற்றுக்கொண்டது. 2021 மே மாதத்தில் அங்கு ஆக்ஸிஜன் வசதியுடன் 500 படுக்கைகள் கொண்ட சிகிச்சை மையம் ஒன்றும் திறக்கப்பட்டது. அந்நாட்களில் நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் துயரம் நேர்ந்தது என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் முதலில் கதவடைத்தவற்றுள் பல் மருத்துவமனைகளும் அடங்கும். 2020 மே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்கென்றே தனி நெறிமுறைகளை வெளியிட்டு, நோய் மிகுந்த பகுதிகளில் அவசர சிகிச்சை தவிர ஏனையவற்றை ஒத்திப்போடுமாறு அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனமும் இக்கருத்தையே கூறியது. பல்வலியோ ஊரடங்கை அறியாது. வலி தாங்காமல் கண்ட மாத்திரையை வாங்கி விழுங்கியவர்களும், வாய்ப்புண் ஆறாததைப் பல மாதம் காட்டாமல் இருந்தவர்களும் எல்லா ஊர்களிலும் இருந்தார்கள். நோய்க்கு அஞ்சிச் சிகிச்சையை நிறுத்துவதும் ஒரு வகையில் நோயை வளர்ப்பதே. ஆதலின் சிகிச்சை தடையின்றி நடக்க வேண்டும். நடக்கும் இடத்தில் நோய் பரவாமலும் இருக்க வேண்டும். இரண்டும் இயலும்.

கொரோனாவின் கடுமை இப்போது குறைந்துவிட்டது உண்மை. எனினும் ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கியதும் ஊரெங்கும் பரவும் இன்ஃப்ளூயன்ஸா சுரம் நின்றுவிடவில்லை. தட்டம்மையும் காசமும் காற்று வழியே பரவுபவையே. நாளை வேறொரு புதிய வைரஸ் தோன்றினாலும், அறையும் ஜன்னலும் அன்று புதிதாக முளைக்கப் போவதில்லை, இன்று இருப்பவைதாம்.

தெளிப்பானும் பல் துளைக்கும் கருவியும்

மற்ற மருத்துவரிடம் செல்லும் நோயாளி முகக்கவசம் அணிந்தபடியே நாடி பார்த்துக்கொள்ளலாம். பல் மருத்துவரிடம் அது நடவாது. அங்கு வாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். மருத்துவரின் முகத்துக்கும் நோயாளியின் வாய்க்கும் இடையே ஒரு முழம் இருந்தால் அதிகம். அரை மணி நேரம் இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

இதற்கு மேல் கருவிகள் வேறு. சொத்தைப் பல்லைத் துளைக்கும் விசைக் கருவி அழுத்தப்பட்ட காற்றினால் சுழல்வது. நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கும் மேல் ஓடும். 1957இல் இவ்வகைக் கருவி விற்பனைக்கு வந்தபின் பல் சிகிச்சையின் வேகமே மாறிவிட்டது. அவ்வளவு வேகத்தில் பல் சூடேறிவிடும் என்பதால் அதன் நுனியிலேயே தண்ணீர் பீச்சும்படி அமைத்திருக்கிறார்கள். பற்களில் படிந்த காறையை நீக்கும் கருவி நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிர்வது. அதற்கும் தண்ணீர் வேண்டும். இந்தத் தண்ணீரும் நோயாளியின் எச்சிலும் கலந்து சிதறுவதே நாம் கவனிக்க வேண்டிய பொருள்.

பயிருக்கு மருந்து தெளிப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. தெளிப்பானின் நாசிலைத் திறந்தால் பெரிய துளிகள் இலைமேல் விழுகின்றன. அதே நாசிலிலிருந்து புறப்படும் மிக நுண்ணிய துளிகள் விழுவதில்லை. புகைபோல் எழுந்து அடுத்த வயலுக்குச் செல்கின்றன. பல் துளைக்கும் கருவியும் அவ்வாறே. பெரிய துளிகள் மருத்துவரின் கையிலும், நோயாளியின் மார்பிலும், இரண்டு மூன்று அடிக்குள் தரையிலும் விழுந்துவிடும். அவற்றைத் துடைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத நுண்திவலைகள் மட்டும் காற்றிலேயே மிதக்கும். காற்று அசையாத மூடிய அறையில் அவை மணிக்கணக்கில் மிதப்பதும் உண்டு. நோயாளி எழுந்து சென்ற பின்னும், கதவு சாத்திய பின்னும் அவை அங்கேயே இருக்கும். அடுத்து வருபவர் அவற்றைச் சுவாசிப்பார்.

மிதக்கும் காற்று நோயைத் தருமா என்ற ஐயம் மருத்துவ உலகிலேயே நெடுநாள் இருந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் 1950களின் பிற்பகுதியில் ரைலி என்னும் மருத்துவர் ஒரு சோதனை நடத்தினார். காசநோயாளிகள் தங்கியிருந்த அறைகளின் காற்றைக் குழாய் வழியே மேல்தளத்துக்குக் கொண்டுசென்று, அங்குக் கூண்டுகளில் வளர்ந்த கினிப் பன்றிகளைச் சுவாசிக்கச் செய்தார். நோயாளிகளை அப்பிராணிகள் பார்த்ததும் இல்லை, தொட்டதும் இல்லை. ஆயினும் அவற்றுக்குக் காசம் கண்டது. அதே காற்றைப் புற ஊதா ஒளியால் தூய்மை செய்து அனுப்பியபோது நோய் காணவில்லை.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், ஜன்னல் இல்லாத குளிர்சாதன உணவு விடுதி ஒன்றில் அருகருகே மூன்று மேசைகளில் மூன்று குடும்பத்தார் உணவருந்தினர். அவர்களுள் ஒருவருக்கு நோய் இருந்தது. குளிர்சாதனப் பெட்டி அந்த மூன்று மேசைகளுக்கிடையே ஒரே காற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தது. முடிவில் மூன்று குடும்பங்களிலுமாகப் பத்துப் பேர் நோயுற்றனர். பரிமாறியவர்களுக்கும் மற்ற மேசையினருக்கும் நோய் வரவில்லை. நோய் சென்ற வழி காற்று சென்ற வழியே என்பது இதனால் விளங்கும்.

அச்சத்துக்கும் ஓர் அளவு

இவ்வளவு படித்தபின் பல் மருத்துவமனைப் பக்கமே தலைவைக்கலாகாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நுண்திவலைகளில் இருப்பது எது என்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2021இல் ஒரு முடிவு வெளியிட்டனர். சிதறும் நுண்திவலைகளிலுள்ள கிருமிகளில் பெரும்பகுதி நோயாளியின் எச்சிலிலிருந்து வருவதன்று, கருவி பீச்சும் தண்ணீரிலிருந்து வருவது என்பது அம்முடிவு. எச்சிலின் பங்கு மிகச் சிறிது. 2020 ஜூன் மாதத்தில் அந்நாட்டுப் பல் மருத்துவர்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவரிடம் கேட்டறிந்தபோது, கொரோனா கண்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவர்கள் ஏறக்குறைய அனைவரும் முகக்கவசம் முதலிய தற்காப்புகளைக் கடுமையாகக் கைக்கொண்டிருந்தவர்கள்.

இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, தற்காப்புச் செய்துகொண்டால் பல் சிகிச்சை அறை பாதுகாப்பான இடமே. மற்றொன்று பலரும் கவனிக்காதது: கருவியைவிட மனிதர்களின் மூச்சும் இருமலும் பேச்சுமே பெரும் அபாயம் ஆகலாம். முப்பது பேர் நெருங்கி உட்கார்ந்து, இருமி, ஊர்க்கதை பேசிக் காத்திருக்கும் கூடத்தில் ஒருவருக்குச் சுரம் இருந்தால், உள்ளே நாற்காலியில் நடப்பதைவிட வெளியே பெஞ்சில் நடப்பது கேடு விளைக்கும். நம் முகாம்களில் காத்திருப்போர் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது யார்? மருத்துவர் அல்லர்; ஊர்ப் பெரியவர்களும் தன்னார்வ இளைஞர்களுமே.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். காற்றைப் பற்றிய கட்டுரையில் இது விலகிச் செல்வதுபோல் தோன்றலாம். ஆனால் சிதறுவது பெரும்பாலும் தண்ணீரே என்று மேலே கண்டோம். 2022–23இல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற பத்துப் பேர் மூளையைத் தாக்கும் கொடிய பாக்டீரியா நோய்க்கு ஆளாகி, எட்டுப் பேர் இறந்தனர். வாய் கழுவப் பயன்பட்ட உப்பு நீர்ப் புட்டியைத் திறந்து, சரிவர மூடாமல், மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டு 2025இல் வெளியிட்டனர். அது காற்றினால் பரவியதன்று. எனினும் பல் சிகிச்சையில் பயன்படும் தண்ணீர் எத்துணைத் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. முகாமுக்கு வரும் கருவி வண்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றால், பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒரு குடம் முகந்து ஊற்றிவிடும் உபகாரத்தை நம் இளைஞர்கள் செய்யலாகாது. அதற்கென்று தூய்மை செய்த நீரை மருத்துவக் குழுவினரே கொண்டுவருமாறு முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மடையும் கலிங்கும்

இனி அறைக்கு வருவோம். நிலையூர்க் கண்மாயையோ தென்கால் கண்மாயையோ அறிந்தவர்களுக்குக் காற்றோட்டத்தின் தத்துவம் முன்பே தெரியும். நீர் வரும் வழி ஒன்று, போகும் வழி ஒன்று இரண்டும் திறந்திருந்தால்தான் கண்மாய் நீர் மாறும். வரத்துக் கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும், போகும் வழி அடைபட்டிருந்தால் நீர் தேங்கிப் பாசி பிடிக்கும். அறையும் அப்படியே. ஒரு பக்கச் சுவரில் நான்கு ஜன்னல் இருந்து எதிர்ச் சுவர் மூடிக் கிடந்தால் காற்று உள்ளே எட்டிப் பார்த்துத் திரும்பிவிடும். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டிரண்டு ஜன்னல் இருந்தால் ஓடும். ஓடும் அளவை நிர்ணயிப்பது இரண்டில் சிறிய வழியே.

இதற்குக் கணக்கும் உண்டு. வாய்க்காலில் ஓடும் நீரைக் கணக்கிடும் முறைதான். திறப்பின் பரப்பைக் காற்றின் வேகத்தால் பெருக்கி, அதில் நூற்றுக்கு 65 பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் எளிய வழி. நம் பள்ளி வகுப்பறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 20 அடி, அகலம் 20 அடி, உயரம் 10 அடி எனில் கொள்ளளவு 4,000 கன அடி. இரு எதிர்ச் சுவர்களிலும் மூன்றடிக்கு நான்கடி ஜன்னல் இரண்டிரண்டு இருக்கின்றன. ஒரு பக்கத்துத் திறப்பு 24 சதுர அடி. காற்று மிக மெல்ல, நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மரத்தின் இலை அசையும் அளவுகூட இல்லாத காற்று அது. நிமிடத்துக்கு 1,560 கன அடி காற்று அறையினுள் பாயும். மணிக்கு 93,600 கன அடி. அதாவது அறையின் காற்று முழுவதும் மணிக்கு 23 தடவை மாறுகிறது.

இந்த 23 என்பதன் அருமை விளங்க மற்றொரு கணக்கு வேண்டும். மணிக்கு இரண்டு தடவை மட்டுமே காற்று மாறும் அறையில், மிதக்கும் கிருமிகள் நூற்றில் 99 பங்கு நீங்க 2 மணி 18 நிமிடம் ஆகும். ஆறு தடவை மாறினால் 46 நிமிடம். பன்னிரண்டு தடவை மாறினால் 23 நிமிடம். நம் வகுப்பறையில் அதற்கும் பாதி நேரம் போதும். ஒரு நோயாளி எழுந்து, நாற்காலியைத் துடைத்து, அடுத்தவர் உட்காருவதற்குள் காற்று தானே தன்னைக் கழுவிக்கொள்கிறது. இதற்கு ஒரு பைசாச் செலவில்லை.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் எட்டு மருத்துவமனைகளின் அறைகளை அளந்து 2007இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கதவும் ஜன்னலும் திறந்த அறைகளில் மணிக்கு 28 தடவை காற்று மாறியது. இயந்திரத்தால் காற்றை மாற்றும் நவீன அறைகளிலோ 12 தடவைதான். அதிலும் 1950க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் உடைய பழைய கட்டடங்களே மிகச் சிறந்து விளங்கின. மரங்களுக்கிடையே திறந்த வெளியில் காசநோய் மருத்துவமனைகளை அமைத்த முன்னோர் காரணமின்றி அவ்வாறு செய்யவில்லை. நம் தோப்பூர் வளாகத்தைப் பார்த்தவர்கள் இதை அறிவர். ஆகவே ஊரில் பழைய ஓட்டுக் கட்டடப் பள்ளி ஒன்றும், புதிய சமுதாயக் கூடம் ஒன்றும் இருந்தால், புதியதுதான் முகாமுக்குக் கௌரவம் என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டிலும் ஜன்னலை எண்ணிப் பாருங்கள்.

எண்ணினால் மட்டும் போதாது. திறந்தும் பார்க்க வேண்டும். நம் பள்ளிகளில் பாதி ஜன்னல்கள் வர்ணம் பூசும்போது சேர்த்துப் பூசப்பட்டுத் திறவாமல் நிற்பவை. மீதியின் முன்னே பீரோவும், புத்தகக் கட்டுகளும், மாணவர்க்கு வழங்க வந்த சைக்கிள்களும் நிற்கும். ஒரு முகாமில் நாம் கண்டது இது: எல்லா ஜன்னலும் நல்ல நிலையில் இருந்தும் சாத்தப்பட்டிருந்தன. ஏன் என்று கேட்டதற்கு, பெயர்ப் பதிவுத் தாள்கள் பறக்கின்றன என்றார்கள். நான்கு கூழாங்கற்களைப் பொறுக்கித் தாள்கள்மேல் வைத்ததும் ஜன்னல்கள் திறந்துகொண்டன. கொசுவலைக் கம்பி அடித்த ஜன்னலில் தூசு படிந்திருந்தால் காற்று பாதியும் வராது. முதல் நாளே கழுவிவிட வேண்டும்.

மருந்து தெளிக்கும் விவசாயி காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதுபோல, நாற்காலி போடுவதிலும் ஒரு முறை உண்டு. காற்று மருத்துவரின் முதுகுப் புறத்திலிருந்தோ பக்கவாட்டிலோ வந்து, நோயாளியின் முகத்தைக் கடந்து, அருகிலுள்ள ஜன்னல் வழியே வெளியேற வேண்டும். ஆடியில் மேல்காற்று வீசும்போது கீழ்ப்புற ஜன்னலருகே நாற்காலி இருக்கட்டும். வாடைக்காற்று நாட்களில் அதற்கேற்ப மாற்றுக. காற்று எப்பக்கம் போகிறது என்று ஐயமாயின் ஓர் ஊதுவத்தியை ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். மிக முக்கியமான ஒன்று: காற்று வெளியேறும் ஜன்னலுக்கு அப்பால் காத்திருப்போர் வரிசை இருக்கலாகாது. பல பள்ளிகளில் தாழ்வாரம் அந்தப் பக்கமே அமைந்திருக்கும். நிழலுக்காக மக்களும் அங்கேயே நிற்பார்கள். வரிசையை மறுபக்கத்து மரத்தடிக்கு மாற்றுவது நம் கடமை.

கூரை மின்விசிறி காற்றைக் கலக்குமே அன்றி மாற்றாது. காற்று அறவே இல்லாத நாளில், ஒரு மேசை விசிறியை வெளியேறும் ஜன்னலருகே வெளியை நோக்கி வைத்தால் பயன் உண்டு.

குளிர்சாதன அறைகள்

ஊராட்சிக் கடைகளையும் சாலையோரக் கட்டடங்களையும் வாடகைக்கு எடுத்து நடைபெறும் தனியார் பல் மருத்துவமனைகள் இப்போது புறநகர் ஊர்களிலும் பெருகி வருகின்றன. முன்புறம் கண்ணாடிக் கதவு, பின்புறம் சுவர், நடுவே குளிர்சாதனப் பெட்டி என்பதே பெரும்பாலும் அவற்றின் அமைப்பு. சாதாரணக் குளிர்சாதனப் பெட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளிருக்கும் காற்றையே வாங்கிக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. குவாங்சோ உணவு விடுதியின் நிலைதான்.

பத்தடிச் சதுரமும் பத்தடி உயரமும் உள்ள அறைக்கு மணிக்குப் பன்னிரண்டு தடவை காற்று மாற, நிமிடத்துக்கு 200 கன அடி வெளியேற்றும் விசிறி போதும். சமையலறையில் பொருத்தும் நடுத்தர விசிறியே அவ்வேலையைச் செய்யும். ஆனால் அதற்குப் பின்சுவரில் ஒரு திறப்பும், எதிரே காற்று நுழைய ஒரு வழியும் வேண்டும். கடைகள் கட்டத் திட்டமிடும்போதே பின்சுவரில் ஜன்னல் வைப்பது ஊராட்சியின் கையில் இருக்கிறது. சுவரைத் திறக்க இயலாத இடத்தில் மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் காற்று வடிகட்டும் கருவியை வைக்கலாம். அதன் வடிதட்டைக் காலத்தில் மாற்றாவிட்டால் அது வெறும் விசிறியே. காற்றில் உள்ள கரியமில வாயுவைக் காட்டும் சிறு கருவியும் கடைகளில் கிடைக்கிறது. திறந்த வெளியில் அது பத்து லட்சத்தில் 420 பங்கை ஒட்டிக் காட்டும். அறையில் ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளிருப்பவர்கள் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்குகிறார்கள் என்று பொருள்.

கருவியிலும் முறையிலும் செய்யக்கூடியவை

இவை மருத்துவரின் துறை. எனினும் முகாமை அழைக்கும்போது நாம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. சிதறும் திவலைகளைப் பிறக்கும் இடத்திலேயே பிடித்துவிடும் பெரிய வாயுடைய உறிஞ்சு குழாய் ஒன்று உண்டு. உதவியாளர் அதை வாயருகே சரியாகப் பிடித்தால் நூற்றுக்கு 90 பங்கு அளவுக்குச் சிதறல் குறையும். எச்சிலை மட்டும் இழுக்கும் மெல்லிய குழாய் இதற்கு ஈடாகாது. சிகிச்சைக்குரிய பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் திரையும் நல்ல பயன் தருவது. மருத்துவரும் உதவியாளரும் என்-95 கவசத்தை முகத்தோடு பொருந்த அணிய வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு உதவிக்கு நிற்கும் நம் இளைஞருக்கு அத்துண்டினால் பயன் சிறிதே.

கிராம முகாமுக்கு மிக ஏற்ற முறை ஒன்று உண்டு. 1980களின் நடுவில் ஆப்பிரிக்காவில் டான்சானியா நாட்டில் மின்சாரமில்லாத ஊர்களுக்காக உருவானது அது. சொத்தையின் மெத்தென்ற பகுதியைக் கைக்கருவியாலேயே சுரண்டி எடுத்துவிட்டு, பல்லோடு ஒட்டிக்கொள்ளும் சிமெண்டை வைத்து அடைப்பது அதன் வழி. துளைக்கும் கருவி இல்லை. தண்ணீர்ச் சிதறல் இல்லை. குழந்தைக்கு அக்கருவியின் சத்தமும் இல்லை. 1994இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரப்ப முன்வந்தது. எல்லாச் சொத்தைக்கும் இது பொருந்தாது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் சிறு சொத்தைகளுக்கு ஆசிரியர் அறையில் ஒரு மேசைமேலேயே இதைச் செய்யலாம். முகாமில் காறை எடுப்பதாயின் அதையும் கைக்கருவியால் எடுக்கக் கேட்கலாம்; நேரம் சற்று அதிகமாகும், சிதறல் குறையும்.

யார் வரலாம், யார் காத்திருக்கலாம்

முகாமுக்கு முன்னால் தண்டோரா போடுவதோ ஒலிபெருக்கியில் அறிவிப்பதோ நம் வழக்கம். அவ்வறிவிப்பில் இரண்டு வாக்கியங்களைக் கூடுதலாகச் சேர்த்தல் வேண்டும். காய்ச்சல், இருமல், தொண்டைவலி உள்ளவர்கள் குணமான பின் வரலாம் என்பது முதலாவது. தெருவாரியாக நேரம் குறித்துக் கொடுப்பது இரண்டாவது: கீழத்தெருவார் ஒன்பது மணிக்கு, மேலத்தெருவார் பத்தரைக்கு, காலனியார் பன்னிரண்டுக்கு என்று. மாதந்தோறும் இந்த வரிசை மாறி வரட்டும். எப்போதும் ஒரே தெருவார் முதலில் வருவதும், ஒரே தெருவார் வெயிலில் நிற்பதும் முறையன்று.

காய்ச்சலோடும் காத்திருக்கக் கூடாதவர்கள் உண்டு. தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ வீக்கம் கண்டு, விழுங்க முடியாமலோ மூச்சு முட்டியோ இருப்பவரை முகாமுக்கும் அழைத்துவரலாகாது. உடனே 108 வண்டியில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பல் சீழ் கழுத்துக்கு இறங்கினால் அது சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும். பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்காதவரும், விழுந்து தாடை அடிபட்டவரும் அவ்வாறே. புகையிலை, வெற்றிலைப் பாக்குப் பழக்கமுள்ளவர் வாயில் இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், அவரை முகாமுக்குத் தேடிப் போய் அழைத்துவர வேண்டும். இவர்கள் தாமாக வரமாட்டார்கள். பல் முகாமின் உண்மையான பயன், சொத்தை அடைப்பதைவிட, இத்தகையோரை முன்னதாகக் கண்டுபிடிப்பதிலேயே இருக்கிறது. நோய்த்தொற்று அச்சத்தால் முகாமையே நிறுத்தும் ஊராட்சி முதலில் இழப்பது இவர்களைத்தான்.

இவ்வாண்டின் கிராம சபைக் கூட்டம் ஏதேனும் ஒன்றில், ஊரிலுள்ள பள்ளி, அங்கன்வாடி, சமுதாயக் கூடம், சுகாதாரத் துணை நிலையம் ஆகியவற்றின் ஜன்னல்களைக் கணக்கெடுக்கத் தீர்மானம் கொண்டுவரலாம். எத்தனை உள்ளன, எத்தனை திறக்கும், எதிரே வழி உண்டா என்ற மூன்று கேள்விகளே போதும். திறவாத ஜன்னலுக்குத் தச்சர் கூலி ஒரு நாளையது. இக்கணக்குப் பல் முகாமுக்கு மட்டும் உதவுவதன்று; அதே அறைகளில் அன்றாடம் அமர்ந்திருப்பவர்கள் நம் பிள்ளைகளே.

முகாம் முடிந்த மாலையில் செய்ய வேண்டியவை சில. இரத்தக் கறை படிந்த பஞ்சும் துணியும் மஞ்சள் பையில் மருத்துவக் குழுவினரோடே போக வேண்டும். பள்ளிக் குப்பைக் குழியில் சேரலாகாது. அறையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தரையில் விழுந்தது மீண்டும் காற்றில் எழும். கிருமிநாசினி கலந்த தண்ணீரால் துடைக்க வேண்டும். துடைப்பவருக்கும் முகக்கவசமும் கையுறையும் கொடுக்க வேண்டும். மருத்துவருக்குக் கொடுத்து இவருக்குக் கொடுக்காமல் விடுவதே எங்கும் நடக்கிறது. துடைத்த பின் ஜன்னல்களைச் சாத்தாமல் வைத்து, மழை வரும்போல் இருந்தால் மட்டும் பொழுது சாய்ந்ததும் காவலர் வந்து சாத்தட்டும். மறுநாள் காலை பிள்ளைகள் வருவதற்கு அரை மணி முன்னதாக அவற்றை மீண்டும் திறந்துவிட வேண்டும்.